தானியங்கி கார் மென்பொருள் சோதனை: ரகசிய ஒப்பந்தத்தைப் படிப்பது முதல் விபத்து அறிக்கை எழுதுவது வரை

தானியங்கி கார் மென்பொருளைப் பொதுச் சாலையில் சோதிப்பவர்கள் இரண்டு காகிதங்களுக்கு நடுவே வேலை செய்கிறார்கள். ஒன்று, வெளியே பேசக் கூடாது என்று சொல்லும் ரகசிய ஒப்பந்தம். மற்றது, மோதல் நடந்தால் இத்தனை நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும் என்று சொல்லும் அரசு உத்தரவு. ஒழுங்காக எழுதப்பட்டால் இவை ஒன்றோடொன்று மோதாது. மோதுகிறது என்றால், ஒப்பந்தத்தை எழுதியவர் விபத்து நடக்கும் நாளை நினைத்துப் பார்க்கவில்லை என்று பொருள்.

இந்த வழிகாட்டி அமெரிக்க விதிகளை, அதிலும் கலிஃபோர்னியாவின் நடைமுறையை அடிப்படையாகக் கொண்டது. ஸ்டியரிங் முன் உட்காரும் சேஃப்டி டிரைவர், சொந்தக் காரில் பீட்டா எனப்படும் சோதனை நிலை மென்பொருளை ஓட்டிப் பார்க்கும் உரிமையாளர், லாக் எனப்படும் காரின் பதிவுக் கோப்புகளைப் படிக்கும் பொறியாளர், அறிக்கை எழுதும் பாதுகாப்புக் குழுவினர் எல்லாருக்கும் இதில் வேலை இருக்கிறது. வழக்கறிஞருக்கு இது மாற்று ஆகாது. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது இதில் தெரியும்.

படி 1: எது ரகசியம் என்பதை முதலில் பிரியுங்கள்

நிறுவனங்களுக்குக் காக்க வேண்டிய ரகசியங்கள் உண்மையிலேயே உண்டு. கூகுளிலிருந்து பிரிந்த தானியங்கி கார் நிறுவனமான வேமோ, தன் முன்னாள் பொறியாளர் ஒருவர் சுமார் 14,000 கோப்புகளை எடுத்துச் சென்றார் என்று 2017-ல் ஊபர் மீது வழக்குத் தொடுத்தது. 2018 பிப்ரவரியில் சுமார் 24.5 கோடி டாலர் மதிப்புள்ள ஊபர் பங்குகளைப் பெற்றுக்கொண்டு சமரசம் ஆனது. மூல நிரல், பயிற்றுவித்த மாதிரிகள், லைடார் எனும் லேசர் சென்சாரின் வடிவமைப்பு, சென்சார் அளவுத்திருத்த முறை, வெளியிடப்படாத பில்டின் (மென்பொருள் பதிப்பின்) அம்சங்கள் ஆகியவற்றைக் காக்க ஒப்பந்தம் கேட்பதில் தவறு எதுவும் இல்லை.

விபத்து அந்த வகையில் சேராது. எளிய அளவுகோல் ஒன்று சொல்கிறோம்: சாலையோரம் நின்ற ஒருவர் கண்ணால் பார்த்திருக்கக் கூடிய எதுவும் வணிக ரகசியம் அல்ல. மோதல் நடந்தது, எங்கே, எப்போது, கார் எந்தப் பக்கம் திரும்பியது, யாருக்கு அடிபட்டது, மோதிய பிறகு கார் நகர்ந்ததா என்பதெல்லாம் இதில் அடங்கும். காருக்குள் இருந்தவர் மட்டும் அறிந்த சிலவும் பாதுகாப்பு அதிகாரியிடம் மறைக்கக் கூடாதவை: தானியங்கி முறை இயங்கிக்கொண்டிருந்ததா, எச்சரிக்கை ஒலித்ததா, ஓட்டுநர் எந்த நொடியில் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

இரண்டுக்கும் இடையே மங்கலான பகுதி ஒன்று உண்டு. மென்பொருள் ஒரு பொருளை எப்படி வகைப்படுத்தியது, தொலைவிலிருந்து உதவுபவர் என்ன கட்டளை கொடுத்தார், அவசர நிலைகளை நிறுவனம் எப்படிக் கையாளத் திட்டமிட்டிருக்கிறது போன்றவை. கலிஃபோர்னியா மோட்டார் வாகனத் துறையிடம் தான் கொடுத்த ஆவணங்களில் இப்படிப்பட்ட பகுதிகள் பொதுமக்களுக்குப் போகாமல் தடுக்க வேமோ 2022-ல் நீதிமன்றம் சென்று இடைக்காலத் தடை வாங்கியது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தகவல்கள் அரசிடம் ஏற்கெனவே போயிருந்தன. பொதுமக்களுக்குக் காட்டாமல் இருப்பது வேறு, அரசுக்கே சொல்லாமல் இருப்பது வேறு. ஒப்பந்தத் தகராறுகளில் பாதி இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

படி 2: கையெழுத்துப் போடும் முன் ஐந்து இடங்களைப் பாருங்கள்

முதலில் 'ரகசியத் தகவல்' என்பதன் விளக்கம். "இத்திட்டம் தொடர்பாகப் பெறும் எல்லாத் தகவலும்" என்று இருந்தால், உங்கள் சொந்த முழங்கால் காயம்கூட அதற்குள் அடங்கிவிடும். விலக்குப் பட்டியல் கேளுங்கள். மோதல், காயம், நூலிழையில் தப்பிய சம்பவம், பாதுகாப்புக் குறைபாடு பற்றிய சந்தேகம் ஆகிய நான்கும் பெயர் சொல்லி விலக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, சட்டக் கட்டாயம் பற்றிய பிரிவு. பெரும்பாலான ஒப்பந்தங்களில் "சட்டம் கட்டாயப்படுத்தினால் வெளியிடலாம், ஆனால் முன்கூட்டியே நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்" என்று இருக்கும். படிக்க நியாயமாகத் தெரியும் இந்த வரியில் இரண்டு பொறிகள் உள்ளன. நடுச்சாலையில் காவலர் கேள்வி கேட்கும்போது முன்னறிவிப்புக்கு நேரம் இல்லை. அதைவிட முக்கியமானது, பாதுகாப்புப் புகாரைத் தானாக முன்வந்து கொடுப்பவரை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே அவருக்கு இந்த விலக்கு உதவாது. "எந்த அரசு அமைப்பிடமும், அவசர உதவியாளரிடமும், மருத்துவரிடமும், காப்பீட்டாளரிடமும், தன் வழக்கறிஞரிடமும், முன்னறிவிப்பும் அனுமதியும் இன்றிப் பேசலாம்" என்ற பொருளில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மறுக்கும் நிறுவனத்துக்காகப் பொதுச் சாலையில் ஓட்ட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

மூன்றாவது, சமூக ஊடகம், காணொளி, நிறுவனத்தைக் குறைகூறாமை பற்றிய வரிகள். டெஸ்லாவின் முழுத் தானியங்கி ஓட்ட பீட்டாவை முன்கூட்டியே பெற்ற உரிமையாளர்களின் ஒப்பந்தம் இதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. நிட்சா என்று பேச்சில் சொல்லப்படும் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், 2021 அக்டோபர் 12 அன்று அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி இந்த ஒப்பந்தங்களைப் பற்றி விளக்கம் கேட்டது. குறைபாடுகளைக் கண்டுபிடிக்க நுகர்வோர் புகார்கள் முக்கிய ஆதாரம். அப்படிப் புகார் செய்வதைத் தடுக்கும், அல்லது தயங்க வைக்கும் எந்த ஒப்பந்தமும் ஏற்கத்தக்கதல்ல என்பது அதன் நிலைப்பாடு. 'தயங்க வைக்கும்' என்பதைக் கவனியுங்கள். நேரடித் தடை இல்லாவிட்டாலும், நல்லதை மட்டும் காட்டுங்கள் என்ற தொனியே போதும், சோதனையாளர் வாயை மூடிக்கொள்வார்.

நான்காவது, திருப்பிக் கொடு அல்லது அழித்துவிடு என்ற பிரிவு. வேலை முடிந்ததும் உங்களிடமுள்ள எல்லாப் பதிவுகளையும் அழிக்கச் சொல்லும். விபத்து நடந்த பிறகு அதை நம்பி அழித்தால் சாட்சியத்தை அழித்ததாக ஆகும். விபத்தோ விசாரணையோ நிலுவையில் இருக்கும்வரை இந்தப் பிரிவு செயல்படாது என்று எழுதி வாங்குங்கள்.

ஐந்தாவது, இருக்க வேண்டிய ஓர் அறிவிப்பு. 2016-ன் வணிக ரகசியப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சட்டமீறல் நடக்கிறது என்ற சந்தேகத்தைத் தெரிவிப்பதற்காக மட்டும், அரசு அதிகாரியிடமோ வழக்கறிஞரிடமோ ரகசியமாக வணிக ரகசியத்தைச் சொல்பவர் மீது அதற்காக வழக்குப் போட முடியாது. இந்தப் பாதுகாப்பைப் பற்றி ஊழியர், ஒப்பந்தப் பணியாளர் ஆகியோரின் ஒப்பந்தத்தில் நிறுவனம் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால், பின்னாளில் அவர்மீது இச்சட்டப்படி வழக்குப் போடும்போது தண்டனை இழப்பீடும் வழக்கறிஞர் செலவும் கேட்க முடியாது. அந்த அறிவிப்பு இல்லாத ஒப்பந்தம், பழைய மாதிரியிலிருந்து அப்படியே நகலெடுக்கப்பட்டது என்று ஊகிக்கலாம்.

படி 3: கார் வெளியே போகும் முன் கடிகாரங்களைச் சரிபாருங்கள்

விபத்து விசாரணையில் சண்டை பெரும்பாலும் நொடிகளைப் பற்றியது. ஜி.பி.எஸ். நேரம், உலகப் பொது நேரமான யு.டி.சி.யைவிட 18 நொடி முன்னால் ஓடுகிறது. வண்டிக்குள் சென்சார்களை ஒத்திசைக்கும் பி.டி.பி. நெறிமுறை பொதுவாகப் பின்பற்றும் டி.ஏ.ஐ. எனும் அணுக் கடிகார நேரம், யு.டி.சி.யைவிட 37 நொடி முன்னால் ஓடுகிறது. கைப்பேசிக் காணொளியும் காவல்துறைப் பதிவும் யு.டி.சி. வழியாக வரும் உள்ளூர் நேரத்தில் இருக்கும். எந்தக் கோப்பு எந்த நேர அளவில் எழுதப்படுகிறது என்று குறித்து வைக்காவிட்டால், 'மோதலுக்கு முந்தைய 30 நொடி' என்ற கேள்விக்கு முற்றிலும் தவறான பகுதியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு காருக்கும் ஒரு பக்கக் குறிப்பு வையுங்கள்: கோப்பின் பெயர், நேர அளவு, யு.டி.சி.யிலிருந்து வித்தியாசம்.

அடுத்தது சுழல் நினைவகம். சென்சார் தரவு அளவு பெரியது என்பதால் பல வண்டிகளில் பழையதன் மேல் புதியது எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். ஏதாவது தூண்டினால்தான் ஒரு துண்டு நிரந்தரமாகச் சேமிக்கப்படும். அந்தத் தூண்டுதல் ஏர்பேக் விரிவதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. ஒரு பாதசாரியை மெதுவாக இடித்தால் ஏர்பேக் விரியாது. ஓட்டுநர் கையால் அழுத்தும் பொத்தான், கடும் பிரேக், தானியங்கி முறையிலிருந்து கை ஓட்டத்துக்கு மாறுவது மூன்றும் தனித்தனியாகத் தூண்ட வேண்டும். பொதுப் பயன்பாட்டுக்கு விடப்படும் தானியங்கி கார்களில் மோதலுக்கு முந்தைய குறைந்தது 30 நொடி சென்சார் தரவு பதிவாகி, 3 ஆண்டுகள் காக்கப்பட வேண்டும் என்று கலிஃபோர்னியா வாகனச் சட்டம் சொல்கிறது. சோதனை வண்டிக்கும் அதையே குறைந்தபட்ச அளவாக வையுங்கள். மோதலுக்குப் பிந்தைய நிமிடங்களையும் சேர்த்துச் சேமியுங்கள். ஏன் என்பது படி 7-ல் தெரியும்.

மூன்றாவது, டேஷ்போர்டில் ஓர் அட்டை. அவசர எண், நிறுவனத்தின் 24 மணி நேர எண், காப்பீட்டு விவரம், தானியங்கி முறையை முழுவதும் துண்டிக்கும் வழி, ஒப்பந்தத்தில் உள்ள அந்த ஒரு வரி: காவல்துறையிடமும் மருத்துவரிடமும் உண்மையைச் சொல்ல யார் அனுமதியும் தேவையில்லை. பதற்றத்தில் இருப்பவருக்கு ஒப்பந்தத்தின் 9-ஆம் பிரிவு நினைவுக்கு வராது.

படி 4: சம்பவ இடத்தில்

வண்டியை நிறுத்துங்கள், தானியங்கி முறையைத் துண்டியுங்கள், கார் தானாக நகர வழியே இல்லை என்று உறுதிசெய்யுங்கள். இறங்கி, காரின் அடியிலும் நான்கு பக்கமும் பாருங்கள். அடியில் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். அதன் பிறகே அவசர எண்ணான 911.

அடிபட்டவருக்கு உதவி வந்த பிறகு தரவு. கணினியை மறுதொடக்கம் செய்யாதீர்கள். திரை உறைந்து நின்றாலும், பொறியாளர் தொலைபேசியில் சொன்னாலும் வேண்டாம். வட்டில் எழுதப்படாத பதிவுகள் அதோடு போய்விடும். விதிவிலக்கு ஒன்றுதான்: புகை, தீ, உயர் மின்னழுத்த ஆபத்து இருந்தால் தீயணைப்புத் துறை சொல்வதைச் செய்யுங்கள். உயிரைவிடத் தரவு பெரிதல்ல.

காவலரிடம் பார்த்ததையும் செய்ததையும் சொல்லுங்கள், காரணத்தை ஊகிக்காதீர்கள். "தானியங்கி முறை இயங்கியது, என் கைகள் ஸ்டியரிங்கில் இல்லை, நான் பிரேக்கை அழுத்தினேன்" என்பது சாட்சியம். "மென்பொருள் அவரைப் பார்க்கவில்லை" என்பது லாக் படிக்கும் முன் யாருக்கும் தெரியாத விஷயம். அதேபோல "அவர் திடீரென்று குறுக்கே வந்துவிட்டார்" என்பதும். எதிர்த்தரப்பு ஓட்டுநருக்குப் பெயர், உரிமம், பதிவு, காப்பீடு ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். எந்த ஒப்பந்தமும் இதைத் தடுக்க முடியாது.

படி 5: கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது?

நிட்சா 2021 ஜூன் 29 அன்று பிறப்பித்த நிலையான பொது உத்தரவுதான் அமெரிக்காவில் இந்த அறிக்கைகளின் அடித்தளம். அது பலமுறை திருத்தப்பட்டது; மூன்றாவது திருத்தம் 2025 ஜூன் 16 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய கையேட்டை நம்பி எழுதாதீர்கள். 2021-ன் கையேட்டில் கடுமையான மோதலுக்கு 1 நாள் என்று இருக்கும். 2025 திருத்தத்தில் அது 5 நாள்.

இந்த உத்தரவில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சொல் 'அறிந்த நேரம்'. நிறுவனம் விசாரித்து உறுதி செய்த நேரத்தை அது குறிக்கவில்லை. எந்த வழியில், எந்த வடிவில் செய்தி வந்தாலும், அது வெறும் குற்றச்சாட்டாக இருந்தாலும், அந்த நேரமே தொடக்கம். சேஃப்டி டிரைவரின் தொலைபேசி அழைப்பு, வண்டி தானே அனுப்பிய சமிக்ஞை, வாடிக்கையாளர் மின்னஞ்சல், செய்தித்தாள், வழக்கு நோட்டீஸ் எதுவாகவும் இருக்கலாம். சனிக்கிழமை இரவு வாடிக்கையாளர் சேவைக்கு வந்த ஒரு மின்னஞ்சலைப் புதன்கிழமை பாதுகாப்புக் குழு திறந்தால், நான்கு நாட்கள் கரைந்துவிட்டன. செய்தி வரும் ஒவ்வொரு வாசலிலும் மோதல், காயம், இடித்தது போன்ற சொற்களைக் கண்டால் உடனே பாதுகாப்புக் குழுவுக்குத் தள்ளிவிடும் ஏற்பாடு வேண்டும்.

இன்னொரு பொறி 30 நொடி விதி. மோதல் தொடங்குவதற்கு முந்தைய 30 நொடிக்குள் எப்போதாவது அமைப்பு இயங்கியிருந்தால் அந்த மோதல் இந்த உத்தரவுக்குள் வரும். மோதலுக்கு ஒரு நொடி முன்பு மென்பொருள் கையை விட்டுவிட்டது, ஓட்டுநர் பிடித்துவிட்டார், எனவே இது சாதாரண விபத்து என்ற வாதம் இங்கே செல்லாது.

படி 6: சாட்சியத்தைப் பூட்டுங்கள், பிறகு யாருக்கு எந்தப் படிவம் என்று பிரியுங்கள்

முதல் மணி நேரத்திலேயே அழிப்புத் தடைக் கட்டளை எழுத்தில் போக வேண்டும்: மேகச் சேமிப்பின் தானியங்கி நீக்கம், உரையாடல் செயலிகளின் தானாக மறையும் செய்திகள், உட்புறக் கேமரா, தொலை உதவியாளரின் திரைப் பதிவு, குரல் அழைப்பு எல்லாவற்றுக்கும். மூல வட்டைக் கழற்றி, எழுத முடியாதபடி இணைத்து நகலெடுத்து, இரண்டுக்கும் ஷா-256 ஹேஷ் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கைரேகை) கணக்கிட்டு, யார் எப்போது யாரிடம் கொடுத்தார் என்ற சங்கிலிப் பதிவில் எழுதுங்கள். ஆய்வெல்லாம் நகலில் மட்டும். தரவோடு மென்பொருள் பில்டின் அடையாளம், வரைபடப் பதிப்பு, அளவுத்திருத்தக் கோப்பு, அன்று இயக்கப்பட்டிருந்த அம்ச அமைப்புகள் நான்கையும் உறையவைக்க மறந்துவிடுவார்கள். இரண்டு வாரம் கழித்துப் பில்ட் மாறிய பின், அதே காட்சியைத் திரும்ப ஓட்டிப் பார்க்க முடியாமல் போவது இதனால்தான்.

உட்புறக் கேமராவைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அரிசோனாவின் டெம்பியில் 2018 மார்ச் 18 அன்று ஊபரின் சோதனைக் கார் மோதி ஒரு பெண் உயிரிழந்தார். மோதலுக்கு 5.6 நொடி முன்பே மென்பொருள் அவரைக் கண்டறிந்தும், வாகனம், பெயர் தெரியாத பொருள், சைக்கிள் என்று வகையை மாற்றிக்கொண்டே இருந்தது என்பதை விபத்து விசாரணை வாரியமான என்.டி.எஸ்.பி. லாக்கிலிருந்து எடுத்துக்காட்டியது. ஓட்டுநரின் பார்வை சாலையில் இல்லை என்பதைக் காட்டியது உட்புறக் காணொளி. நிறுவனத்தின் மீது குற்றவழக்கு இல்லை என்று அரசு வழக்கறிஞர் 2019-ல் முடிவு செய்தார். சேஃப்டி டிரைவர் 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார்.

இனி படிவங்கள். உயிரிழப்பு, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட காயம், பாதசாரி அல்லது சைக்கிளில் செல்பவர் இடிக்கப்பட்டது, ஏர்பேக் விரிந்தது என்றால் நிட்சாவுக்கு 5 நாளுக்குள் அறிக்கை. தானியங்கி ஓட்ட அமைப்புள்ள கார்களில் இவை எதுவும் இல்லாத, ஆனால் சொத்துச் சேதம் 1,000 டாலரைத் தாண்டும் என்று எதிர்பார்க்கத்தக்க மோதல்கள், அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்கான மாதாந்திர அறிக்கையில் சேரும். இந்தக் கடமை உத்தரவில் பெயர் சொல்லப்பட்ட உற்பத்தியாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் உரியது. சொந்தக் காரில் பீட்டா ஓட்டும் உரிமையாளருக்கு அது இல்லை, ஆனால் அவர் நிட்சாவின் இணையதளத்திலோ 888-327-4236 என்ற எண்ணிலோ நேரடியாகப் புகார் செய்யலாம். காரின் வி.ஐ.என். எனும் வாகன அடையாள எண், மென்பொருள் பதிப்பு, தேதி, இடம், என்ன நடந்தது என்பவை போதும்.

கலிஃபோர்னியாவில் தனியாக இரண்டு படிவங்கள், இரண்டுக்கும் 10 நாள். ஓ.எல். 316 என்பது சோதனை அனுமதி பெற்ற உற்பத்தியாளர் கொடுப்பது. சொத்துச் சேதம், காயம், மரணம் எது நேர்ந்தாலும் கொடுக்க வேண்டும். கீறல் சிறியது என்ற விலக்கு இல்லை. எஸ்.ஆர். 1 என்பது எல்லா ஓட்டுநருக்கும் பொதுவானது; காயம், மரணம், அல்லது 1,000 டாலருக்கு மேல் சேதம் இருந்தால் ஓட்டுநரின் பெயரில் போக வேண்டும். நிறுவனம் ஓ.எல். 316 கொடுத்துவிட்டது என்பதால் எஸ்.ஆர். 1 முடிந்துவிட்டதாகச் சேஃப்டி டிரைவர்கள் நினைப்பது வழக்கமான தவறு. பயணிகளை ஏற்றும் சேவை என்றால் மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையமும் பட்டியலில் சேரும்.

படி 7: விவரணை எழுதுவது

படிவத்தில் கட்டங்களை நிரப்புவது எளிது. ஆபத்து விவரணைப் பத்தியில்தான் இருக்கிறது. அதற்கு ரோபோ டாக்ஸி நிறுவனமான க்ரூஸின் 2023 அக்டோபர் 2 விபத்தைவிடத் தெளிவான பாடம் இல்லை.

சான் பிரான்சிஸ்கோவில் மனிதர் ஓட்டிய வேறொரு கார் ஒரு பெண்ணை இடித்து, ஓட்டுநரில்லாத க்ரூஸ் காரின் பாதையில் வீசியது. க்ரூஸ் கார் பிரேக் போட்டும் அவர்மீது மோதி நின்றது. பிறகு சாலையோரம் ஒதுங்குவதற்காக மீண்டும் நகர்ந்து, அடியில் சிக்கியிருந்தவரைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. முதல் மோதலுக்குக் காரணம் க்ரூஸ் அல்ல. அதிலேயே நின்றிருந்தால் நிறுவனத்தின் கதை வேறு. ஆனால் நிட்சாவுக்குப் போன முதல் அறிக்கைகளில் இழுத்துச் சென்றது எழுதப்படவில்லை. அதிகாரிகளுடனான சந்திப்புகளில் முழுக் காணொளி ஓடும், அதுவே பேசிக்கொள்ளும் என்று விட்டார்கள். இணையத் தொடர்பு தடங்கியதால் சில இடங்களில் காணொளி சரியாக ஓடவில்லை. வாயால் யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் 24 அன்று மாநில வாகனத் துறை அனுமதியை நிறுத்தியது. நவம்பரில் 950 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பொதுப் பயன்பாட்டு ஆணையம் 1,12,500 டாலர் அபராதம் விதித்தது. 2024 செப்டம்பரில் நிட்சாவுடன் 15 லட்சம் டாலர் ஒப்புதல் ஆணை, நவம்பரில் பொய் அறிக்கை கொடுத்ததை ஒப்புக்கொண்டு நீதித்துறைக்கு 5 லட்சம் டாலர். 2024 டிசம்பரில் க்ரூஸின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அந்த ரோபோ டாக்ஸி திட்டத்துக்குப் பணம் கொடுப்பதையே நிறுத்தியது.

இதிலிருந்து எழுதும் முறை ஒன்று கிடைக்கிறது. விவரணையை முதல் தொடுதலோடு முடிக்காதீர்கள். எல்லா வாகனமும் நின்று, எல்லா மனிதரும் மருத்துவ உதவி பெறும்வரை எழுதுங்கள். வரிசை இது: கார் என்ன செய்துகொண்டிருந்தது, எந்த முறையில், எந்த வேகத்தில், மற்றவர் என்ன செய்தார், முதல் தொடுதல் எங்கே, அதன் பின் ஒவ்வொரு நகர்வும், தூரத்தோடு, கார் இறுதியாக எங்கே நின்றது, காயங்கள், ஓட்டுநரும் தொலை உதவியாளரும் செய்தவை, இன்னும் சரிபார்க்கப்படாதவை. கடைசி அம்சத்தை எழுத வெட்கப்படாதீர்கள். "மோதலுக்குப் பிந்தைய நகர்வின் தூரம் லாக்கிலிருந்து கணக்கிடப்படுகிறது, திருத்தத்தில் அனுப்பப்படும்" என்ற வரி நிறுவனத்தைக் காக்கும் வரி. பிறகு அந்தத் திருத்தம் கட்டாயம் போக வேண்டும்.

மோசமான விவரணை எப்படி இருக்கும் என்றால்: "கார் பாதுகாப்பாக வேகத்தைக் குறைத்தபோது பாதசாரியுடன் தொடர்பு ஏற்பட்டது." 'பாதுகாப்பாக' என்பது தீர்ப்பு. 'தொடர்பு ஏற்பட்டது' என்பதில் யார் யாரை இடித்தார் என்பது இல்லை. எண் ஒன்றும் இல்லை. நல்ல விவரணை: "மணிக்கு 19 மைல் வேகத்தில் தானியங்கி முறையில் சென்ற கார் பிரேக் போட்டது, முன் வலது பம்பர் பாதசாரியை இடித்தது, கார் மேலும் 4 அடி நகர்ந்து நின்றது, அதன் பிறகு நகரவில்லை." இதில் எந்த ரகசியமும் வெளியேறவில்லை என்பதையும் பாருங்கள்.

எழுதியவர் அனுப்பக் கூடாது. முழுக் காணொளியைத் தொடக்கம் முதல் முடிவுவரை பார்த்த, விவரணை எழுதாத இன்னொருவர், ஒவ்வொரு நகர்வும் எழுத்தில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். மக்கள் தொடர்புத் துறை அந்த இன்னொருவராக இருக்கக் கூடாது.

படி 8: அறிக்கைக்குள் ரகசியம் கோருவது

உண்மையான வணிக ரகசியத்துக்கு உத்தரவிலேயே இடம் இருக்கிறது. நிட்சாவின் படிவத்தில் மூன்று இடங்களில் மட்டும் ரகசியம் கோரலாம்: அமைப்பின் பதிப்பு, வடிவமைக்கப்பட்ட இயக்க எல்லைக்குள் (அமைப்பு இயங்க வடிவமைக்கப்பட்ட சாலை, வானிலை போன்ற நிலைமைகளுக்குள்) கார் இருந்ததா என்பது, விவரணை. மற்றவை வெளியிடப்படும். ஓ.எல். 316 அறிக்கைகளையும் வாகனத் துறை தன் தளத்தில் போடுகிறது, ஆகவே அடிபட்டவரின் பெயர், முகவரி, உடல்நிலை விவரம் ஆகியவற்றை விவரணைப் பத்தியில் எழுதாதீர்கள். காக்கப்பட வேண்டிய ரகசியங்களில் முதலாவது அதுதான்.

விவரணை முழுவதையும் கறுப்படித்து அனுப்புவது பல நிறுவனங்களின் பழக்கம். விதி அனுமதிக்கிறது என்றாலும் அது தவறான பழக்கம் என்று நினைக்கிறோம். சென்சாரின் பெயர், மாதிரியின் உட்பெயர் போன்ற சொற்களை மட்டும் மறைத்தால் போதும். மற்ற நிறுவனங்களின் பொறியாளர்கள் படித்துத் தங்கள் காரில் அதே பிழை இருக்கிறதா என்று பார்ப்பது விவரணையை வைத்துத்தான்.

படி 9: நிறுவனம் 'எழுத வேண்டாம்' என்றால்

முதலில், நிறுவனத்தின் வழக்கறிஞர் உங்கள் வழக்கறிஞர் அல்ல. விபத்துக்குப் பின் அவர் உங்களோடு பேசும் முன், தான் நிறுவனத்தைப் பிரதிநிதிப்படுத்துவதாகவும், உரையாடலின் ரகசிய உரிமை நிறுவனத்துடையது என்றும் சொல்வார். 1981-ன் அப்ஜான் தீர்ப்பின் பெயரால் அழைக்கப்படும் எச்சரிக்கை அது. டெம்பியில் தண்டனை யாருக்குப் போனது என்பதை நினைத்துக்கொண்டு, அதைக் கேட்ட இடத்திலேயே தனி வழக்கறிஞர் வேண்டும் என்று சொல்லுங்கள்.

உற்பத்தியாளர், உதிரிபாக நிறுவனம், விற்பனை முகமை ஆகியவற்றின் ஊழியர்களைப் பழிவாங்கலிலிருந்து காக்கும் கூட்டாட்சிச் சட்டம் உண்டு. பழிவாங்கல் நடந்தால் 180 நாளுக்குள் தொழிலாளர் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷாவிடம் புகார் செய்ய வேண்டும். 181-ஆம் நாள் எவ்வளவு நல்ல வழக்கும் வீண். தகவல் கொடுத்ததால் விதிக்கப்படும் தொகை 10 லட்சம் டாலரைத் தாண்டினால், அதில் 10 முதல் 30 சதவீதம் வரை தகவல் கொடுத்தவருக்குக் கிடைக்க வழி இருக்கிறது. இந்தத் திட்டத்தில் 2021 நவம்பரில் முதல் வெகுமதியாக 2.4 கோடி டாலருக்கு மேல் வழங்கப்பட்டது.

செய்யும் முறை முக்கியம். மூல நிரலை வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள், உங்களுக்கு அனுமதி இல்லாத கோப்புறைகளைத் திறக்காதீர்கள். 2016-ன் சட்டம், நீங்கள் அரசிடம் தகவல் சொல்வதைக் காக்கிறது. அனுமதியின்றி நுழைவதைக் காக்கவில்லை. சம்பவத்தின் தேதி, நேரம், வண்டி எண், லாக் கோப்பின் பெயர், யாரிடம் எப்போது சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்பதை உங்கள் சொந்தக் குறிப்பில் எழுதுங்கள். கோப்பின் பெயர் தெரிந்தால் போதும், கோப்பை அரசு கேட்டு வாங்கிக்கொள்ளும்.

என்.டி.எஸ்.பி. விசாரணைக்கு வந்தால் நிலைமை தலைகீழாகும். அதில் பங்கேற்கும் நிறுவனம் விசாரணைத் தகவலை அனுமதியின்றி வெளியிடக் கூடாது. மவுண்டன் வியூவில் 2018 மார்ச்சில் நடந்த விபத்து விசாரணையில், தகவலை முன்கூட்டி வெளியிட்டதற்காக டெஸ்லாவைப் பங்கேற்பாளர் பட்டியலிலிருந்தே அந்த வாரியம் நீக்கியது. அந்தக் கட்டத்தில் பத்திரிகைக் குறிப்புகளை நிறுத்துங்கள். விசாரணையாளருக்கு மட்டும் எல்லாவற்றையும் கொடுங்கள்.

அழிப்புத் தடைக் கட்டளையை எழுத்தில் பிறப்பித்தவரே எழுத்தில் நீக்கும்வரை, கழற்றிய வட்டு அதே பூட்டிய பெட்டியில், அதே சங்கிலிப் பதிவோடு இருக்க வேண்டும். புதிய சோதனைக்கு வட்டு பற்றாக்குறை என்று யார் கேட்டாலும், புதிய வட்டு வாங்கச் சொல்லுங்கள்.